படகு கவிழும் கேசட்

முதலில் குமிழிகள் கேட்டன. வாய் குறுகிய குடத்தைக் குளத்தில் அமுக்கினால் புளுக் புளுக் என்று வருமே, அந்தச் சத்தம். அதன் பின்னால் ஒரு மணி. டிங்… டிங்… பிறகு இடைவெளி சுருங்கி டிங்டிங்டிங். அறந்தாங்கியில் புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பையன், தன் அம்மாவின் செல்லைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் இருந்தான். திரையில் நீலம் என்றால் அப்படியொரு நீலம். பவளம், ஆமை, ஒளி விடும் மீன்கள். மூலையில் மூச்சு அளக்கும் பட்டை சிவந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அவன் பாட்டுக்குப் பாறை இடுக்கில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"மேல போடா, மேல போ" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பையனின் அம்மா செல்லைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். பைக்குள் கிடந்தபடியே அது இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நின்றது.

நாற்பதைத் தாண்டி முட்டிக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குக் கோபம் ஆறிவிட்டதா? வயது போனால் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. சின்ன வயதில் அது கோபம் என்பதே எனக்குத் தெரியாது. பயம் என்று நினைத்து வருடக்கணக்காகச் சுமந்தேன். சரியான பெயர் தெரிந்ததே பின்னால்தான். பெயர் தெரிந்த பிறகு அது நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது.

உங்களுக்கு அந்த டிவி கேம் பெட்டி ஞாபகம் இருக்கும். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் சுருள் ஒயரில் தொங்கும் கைப்பிடிகள், மேலே செருகுவதற்கு மஞ்சள் கேசட். ஓடாவிட்டால் கேசட்டை உருவி, வாயில் வைத்து ஊதி, மறுபடி செருகுவோம். ஊதினால் ஏன் ஓடும் என்று யாரும் கேட்டதில்லை. வசதியான வீடுகளில் சொந்தமாக இருந்தது. மற்றவர்கள் மணிக்கணக்குக்கு விடும் கடையில் போய் ஆடினார்கள். ஜெகதாப்பட்டினத்தில், எங்கள் தெருவில், அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு வசதி கிடையாது. சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ஒப்பந்தம் முடியும் முன்பே சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர். ஒரு பூப்போட்ட கனத்த போர்வை, பச்சை பாட்டிலில் சென்ட், இந்த டிவி கேம். அவ்வளவுதான் பெட்டியில். போனவனெல்லாம் சங்கிலியோடு வந்தான், இவன் ஒயரோடு வந்திருக்கிறான் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரமே அப்பா ஓட்டிய விசைப்படகில் ஆளாக ஏறிவிட்டார். படகு ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்போம். அப்பா டிரைவர். சித்தப்பாவுக்கு நீந்தத் தெரியாது. கடலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது என்று நான் சொன்னால் உள்நாட்டுக்காரர்கள் நம்புவதில்லை.

கேசட்டில் பல ஆட்டங்கள் இருந்தன. நாங்கள் ஆடியது ஒன்றே ஒன்று. மேலே ஒரு கோடு, அதுதான் கடல்மட்டம். கோட்டின் மேல் ஒரு படகு. படகிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மனிதன் குதிப்பான். கீழே சுறா, முள்ளுள்ள கோள மீன், குகைக்குள் எட்டுக் கை விரித்த பேய்க்கணவாய், அதன் பின்னால் ஒரு பெட்டி. பெட்டியை எடுத்துக்கொண்டு மூச்சு தீர்வதற்குள் மேலே வர வேண்டும். மூன்று உயிர். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. ஆகவே என் கடல் சாம்பலில்தான் இருந்தது. அது நிஜத்தில் என்ன நிறம் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். கலர் டிவியில் நீலமாக இருக்கும் என்றார். வலை முடைந்துகொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அடியில ஏதுடா நீலம். சேறுதான். கைய விட்டா கையே தெரியாது."

ஆனாலும் அவரும் பார்த்தார். இந்த மீன் எந்த வலைமடியில் ஏறும், இந்தச் சுறாவுக்கு ஏன் இப்படிப் பல், இவன் ஏன் ஒற்றை ஆளாகப் படகில் வருகிறான், கரையில் இவனுக்கு யாருமில்லையா என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். சித்தப்பா ஆட்டத்தில் படுமோசம். குகை வாசலிலேயே பேய்க்கணவாயிடம் மாட்டிக்கொள்வார். நான் கெட்டிக்காரி. மூச்சுப் பட்டை கடைசி முடிச்சுக்கு வரும்வரை அடியில் நின்று, மணி அடிக்க அடிக்கப் பெட்டியோடு விருட்டென்று மேலேறுவேன். பெண்பிள்ளைகளைப் படகில் ஏற்ற மாட்டார்கள். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கட்டிக் கிடக்கும் படகின் கயிற்றைத் தொட்டாலே அதட்டுவார்கள். எனக்குக் கடலுக்குள் போக அந்த ஒரு வாசல்தான் இருந்தது. சாயங்காலம் தெருவில் கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து கிளம்பும் நேரத்தில், சித்தப்பாவின் சட்டையிலிருந்து வரும் சென்ட் வாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மூழ்கிக் கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எங்கும் இருந்ததில்லை. இதைச் சொல்லும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஆண்கள் கடலில் இருக்கும்போது எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கழுவிய சட்டி, குடம், டம்ளர் எல்லாம் வாயை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கும். பல்லி விழும். ஆனாலும் கவிழ்க்க மாட்டார்கள். கவிழ்ந்த சட்டி கவிழ்ந்த படகு. நானும் அதை நம்பினேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் யார் வீட்டு வாசலிலாவது வாளி கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போவேன்.

அந்த ஆட்டத்தில் மூன்று உயிரும் போனால் மேலே மிதக்கிற படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கவிழ்ந்து, அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கீழே இறங்கும். அதற்கொரு பாட்டு வேறு. அதனால் அப்பாவும் சித்தப்பாவும் கடலில் இருக்கும் நாளில் நான் தனியாக ஆடினால், மூன்றாவது உயிரைத் தொடவே மாட்டேன். இரண்டு போனதும் சுவிட்சை அணைத்துவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகப் போட்டுக்கொண்ட விதி. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ள ஆளில்லை.

அது முழுப்பரீட்சை முடிந்த விடுமுறை. இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. படகின் முதலாளிக்குச் சொந்தமாக ஐஸ் கம்பெனியும் உண்டு. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கே போய் நிற்பேன். உள்ளே நுழைந்தால் அமோனியா வாடை மூக்கைக் குத்தும், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு அந்த இடம் சொர்க்கம். ஐஸ் பாரைச் சறுக்கிக்கொண்டு வந்து அரைக்கிற மிஷினில் தள்ளுவார்கள். தெறிக்கும் தூளை நான் பொறுக்கித் தின்பேன். அன்றைக்கும் தின்றுகொண்டிருந்தேன். அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி முதலாளி முன்னால் நின்றிருந்தார்.

எஞ்சினுக்குக் கடல் தண்ணீர் இழுத்துக் குளிரவைக்கிற பம்பு சரியில்லை என்று அப்பா சொன்னார். போன தடவையே எஞ்சின் கொதித்ததாம். பாதி வழியில் நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி ஓட்டி வந்தாராம். ஒரு தடவை கடலுக்குப் போகாமல் நிறுத்தி, பம்பை மாற்றிவிட்டுப் போகலாம் என்றார். முதலாளி மிஷின் சத்தத்துக்கு மேல் குரலைத் தூக்கினார்.

"இறாலு வந்து கெடக்கு, நீ பம்பப் பேசிக்கிட்டு நிக்கிற. போயிட்டு வா, பாத்துக்குவோம்."

"இல்லங்க மொதலாளி, சூடு தாங்காதுங்க."

"ஒனக்குப் பயமா இருந்தாச் சொல்லு. வேற டிரைவரப் போட்டுக்கிறேன்."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். வாய் நிறைய ஐஸ் தூளோடு நான் நின்றிருந்தேன். பல்லெல்லாம் கூசியது.

மறுநாள் போனார்கள். அப்பா, சித்தப்பா, தொண்டிப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர். விடிந்தால் திரும்ப வேண்டிய படகு. மற்ற படகுகளெல்லாம் வந்து, ஏலம் முடிந்து, ஜெட்டியைக் கழுவிவிட்ட பிறகும் எங்கள் படகு கட்டுமிடத்தில் வெறும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய அந்த வார்த்தை வருகிறது. 'பிடிச்சுட்டுப் போயிருப்பாங்க.' எங்கள் கரையில் ஒரு படகு வரவில்லையென்றால் முதலில் வருகிற நினைப்பு அதுதான். எல்லை தாண்டியிருப்பார்கள், அந்தப் பக்கத்து நேவி வளைத்திருக்கும், கொண்டுபோய் உள்ளே வைத்திருப்பார்கள், மனுக் கொடுத்தால் விடுவார்கள். அது எத்தனையோ தடவை நடந்ததுதான், இன்றைக்கும் நடக்கிறதுதான். அடி வாங்கி வாங்கி ஊருக்கே அந்த ஒரு பதில் பழகிப்போயிருந்தது. காணாமல் போன படகைத் தேட வேண்டும் என்கிற எண்ணமே மழுங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கம் பிடித்துவைத்திருக்கிற படகை யார் போய்த் தேடுவார்கள்? ஆகவே பெண்கள் வேன் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்த மரத்தடி நிழல், பிஸ்கட் பாக்கெட், மனுவை வாங்கிக்கொண்டு தலையாட்டிய ஆபீசர், எல்லாம் அப்படியே இருக்கிறது கண்ணில். நாங்கள் அங்கே வரிசையில் நிற்கும் அதே வெயிலில் அவர்கள் கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது யோசித்தால், ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்து 'எஞ்சின் கோளாறாக இருக்கும், போய்ப் பாருங்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் பத்துப் படகு கிளம்பியிருக்கும். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள்தான். சொல்ல வேண்டிய ஆள் ஐஸ் கம்பெனியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சொன்னால் கோளாறு தெரிந்து அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். சொல்லவில்லை.

நான் சொன்னேன்.

மீன்வளத்துறை ஆபீசர் விசாரிக்க வந்திருந்தார். ஐஸ் கம்பெனி வாசலில் கூட்டம். எஞ்சின் எப்படி என்று அவர் கேட்டதற்கு, புதுசு மாதிரிங்க, ஒரு குறையும் கிடையாதுங்க என்றார் முதலாளி. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் சொன்னேன்:

"பம்பு சரியில்லன்னு அப்பா ஒங்ககிட்ட சொன்னாருல்ல. நீங்கதான் போகச் சொன்னீங்க."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சிரித்தார். டிரைவர் மகளில்லையா, எஞ்சின் எல்லாம் பேசுகிறது என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அம்மா என் கையை நசுக்கினாள். ஆபீசர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முதலாளியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் எங்கள் வாசலை மிதித்தவள் அல்ல. பூ, பழம், ஒரு பை அரிசி. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு டிவி மேல் இருந்த பெட்டியைப் பார்த்து, இதுதான் மஸ்கட் விளையாட்டா, எப்படி ஆடுவது என்று காட்டு பாப்பா என்றாள்.

எனக்கு ஆடப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் கேட்டால் மறுக்கவும் தெரியவில்லை. போட்டுக் காட்டினேன். முதல் உயிர் சுறாவிடம் போனது. இரண்டாவது, மூச்சு தீர்ந்து போனது. நான் எழுந்து சுவிட்சை அணைக்கப் போனேன்.

"ஏன் பாப்பா நிறுத்துற? முடியுற வரைக்கும் காட்டு."

அவர்கள் கடலில் இருக்கும்போது மூன்றாவதை ஆட மாட்டேன் என்றேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பரவாயில்லை, காட்டு, காட்டு. நான் காட்டினேன். பேய்க்கணவாய் பிடித்தது. மேலே படகு சாய்ந்தது. கவிழ்ந்தது. அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு, அந்தப் பாட்டுக்கு ஆடியபடி, எங்கள் வீட்டு நடுவில், கீழே இறங்கியது. அடுப்படியில் எல்லாப் பாத்திரமும் வாயை மேலே காட்டிக்கொண்டிருந்த வீடு அது.

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு எழுந்த வேகத்தை என்னால் மறக்க முடியாது. நடிப்பா, நிஜமாகவே பயந்தாளா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டிரைவர் வீட்டில், ஆண்கள் கடலில் இருக்கும்போது, அந்தப் பெண் நாள் தவறாமல் படகைக் கவிழ்த்து விளையாடியிருக்கிறது. ஆளை முக்கி முக்கிக் கொன்றிருக்கிறது. என் வயதுக்காரர்களே, ஒரு சின்னக் கணக்கு. படகு காணாமல் போய் நாட்கள் கழித்து நான் கவிழ்த்த படகு அது. கவிழ்க்கச் சொன்னது முதலாளி வீட்டம்மா. கரையில் அத்தனை பெரியவர்கள் இருந்தார்கள், காற்றை முகர்ந்து திசை சொல்கிறவர்கள், தண்ணீரைப் பார்த்து மீன் சொல்கிறவர்கள். ஒருவருக்கும் எது முந்தியது எது பிந்தியது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா என்னை அடித்தாள். அதுவரை கை ஓங்காதவள். அடித்துவிட்டு, பெட்டியை ஒயரோடு பிடுங்கி, தெருவில் நின்ற ஆண்களிடம் அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் அதைச் சாக்கில் கட்டி, ஜெட்டி முனையில் சூடம் கொளுத்தி, நாட்டுப்படகில் கொண்டுபோய் ஆழத்தில் போட்டார்கள். கேசட்டும் போயிற்று. சித்தப்பா அதை வைக்கிற பிளாஸ்டிக் உறையை மட்டும் நான் பாவாடைக்குள் ஒளித்துவைத்தேன். அதையும் யாரோ பிற்பாடு எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். தேடப் போகாத படகுகள் இருந்த கரை அது. ஒரு விளையாட்டுப் பெட்டியை மூழ்கடிக்க அன்றைக்குப் படகு கிடைத்தது.

அடுத்த நாளே அப்பா வந்துவிட்டார்.

இதுதான் தாங்க முடியாதது. கோடியக்கரைப் பக்கம் மிதந்து கிடந்த படகை அந்த ஊர்ப் படகு ஒன்று பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தது. முதல் நாள் பெட்டியைக் கடலுக்குக் கொடுத்தோம், மறுநாள் கடல் ஆளைக் கொடுத்தது. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? அப்பாவின் உதடு வெடித்து, நாக்கு தடித்து, கண் இமை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மற்ற இரண்டு பேரும் குளுக்கோஸ் ஏற்றிய கையோடு தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

சித்தப்பா இல்லை.

தூரத்தில் ஒரு படகு தெரிந்ததாம். கூப்பிட்டுப் பார்த்தார்களாம், சட்டையைக் கழற்றி ஆட்டினார்களாம். அது திரும்பவில்லை. குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. சித்தப்பா வலையில் கட்டியிருந்த மிதவைகளை அறுத்து மார்பில் கட்டிக்கொண்டு, நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று இறங்கிவிட்டாராம். அப்பா தடுப்பதற்குள் இறங்கிவிட்டாராம். கொஞ்ச தூரம் கையை அடித்துக்கொண்டே போனது தெரிந்ததாம். நீரோட்டம் வேறு பக்கம் இழுத்ததாம். இவ்வளவும் அப்பா அம்மாவிடம் சொன்னது. பாயில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னார். "பம்புதான் போயிருச்சு" என்றும் சொன்னார். ஒரே தடவை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தாள். அவள் கைவிரல் தடம் இன்னும் என் கன்னத்தில் இருந்தது.

தெருவுக்கு அதற்கும் விளக்கம் கிடைத்தது. அந்த விளையாட்டில் மூன்று உயிராம், ஒன்றை அது எடுத்துக்கொண்டதாம், நல்லவேளையாக மிச்சத்தை விட்டதாம். குழாயடியில் என் காதுபடப் பேசினார்கள். என்னோடு படித்த பிள்ளைகளை அவர்களின் அம்மாக்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். படகு கிளம்பும் நேரம் நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் நின்று, எச்சில் துப்பிவிட்டுப் போனார்.

நான் பொறுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அப்பா வந்துவிட்டார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊர்க்கூட்டம் போடுவார்கள், கேட்பார்கள், அவர் சொல்வார்.

கூட்டம் போட்டார்கள். கோயில் முன் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு நாற்காலி. நான் மதில் சுவருக்குப் பின்னால், காய்கிற சுண்ணாம்பில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஊர்த்தலைவர் நல்ல மனிதர், நேராகவே கேட்டார். கடலுக்குப் போகும் முன்பே எஞ்சினில் கோளாறு ஏதும் இருந்ததா? அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"தெரியலைங்க."

"அப்ப ஒன் புள்ள சொன்னது?"

"சின்னப்புள்ளைங்க. வெளயாட்டாச் சொல்லிருக்கும்."

முதலாளி நாற்காலியில் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் காரியத்துக்கு ஆகிற செலவெல்லாம் தன் பொறுப்பு என்றார். படகுக்குப் புது எஞ்சின் வைத்து, அதே டிரைவரையே ஓட்டச் சொல்கிறேன் என்றார். எல்லாரும் நல்லது என்றார்கள். கலைந்தார்கள்.

நான் அப்பாவைப் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறேன், இல்லையென்று நினைக்காதீர்கள். அந்த வேலை போனால் வேறு படகு கிடைத்திருக்காது. முதலாளிமார்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தம்பியைக் கண்ணெதிரே விட்ட மனிதனுக்குப் பேச நாக்கு எழாது. எல்லாம் சரி. எல்லாவற்றையும் அடுக்கிவைத்துப் பார்த்த பிறகும், தம்பி செத்ததற்கும் மகள் மேல் விழுந்த பழிக்கும் சேர்த்து அவர் கொடுத்தது 'தெரியலைங்க' என்ற ஒரே சொல்தான் என்பது மாறவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடும்போது எதிரே போய் உட்கார்ந்தேன். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். நிமிரவில்லை.

இப்போது நான் அந்த மாதிரி விளையாட்டுகளை ஒன்றுவிடாமல் ஆடுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். என் செல்லில் ஒரு கடல் முழுக்கக் கிடக்கிறது. ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி பெஞ்சில், மருமகள்கள் வயதுள்ள பெண்கள் ஓரக்கண்ணால் பார்க்கப் பார்க்க ஆடுகிறேன். என்னென்னவோ புதுமை வந்துவிட்டது. திமிங்கிலம் பாடுகிறது, தாவரம் ஒளிர்கிறது, மூழ்கிய நகரங்களுக்குள் கதவு திறந்து போகலாம். ஆனால் எல்லாவற்றிலும் அந்தப் பட்டை மட்டும் இருக்கிறது. மூச்சு இவ்வளவு மிச்சம், இவ்வளவுதான் மிச்சம், மணி அடிக்கிறேன், மேலே போ. எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து விளையாட்டுச் செய்கிற யாரோ ஒருவனுக்கு, பொம்மை மனிதனுக்குக்கூட மூச்சு தீரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எங்கள் படகில் என் அப்பாதான் அந்த மணி. அடித்தார். மின்விசிறிக்குக் கீழிருந்த ஆள் அதை அணைத்துவிட்டு அனுப்பினார். அப்புறம் அந்த மணி தானாகவே அடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டது. என்னால் இரண்டையும் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவதை இன்னும் கொஞ்சம் அதிகமாக.

அப்பா அதே முதலாளியின் படகை முட்டி தேயும்வரை ஓட்டினார். சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை சொல்லவில்லை. என்னோடு பேசியதெல்லாம் காய்ச்சல், மார்க்கு, பேரப்பிள்ளையின் பல். சித்தப்பாவின் உடல் கிடைக்கவே இல்லை. பூப்போட்ட போர்வை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பூச்சியுருண்டை வாடையோடு கிடக்கிறது.

அந்த விடுமுறை முடியும் முன்பே என்னை அரிமளத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று முடிவு செய்தார்கள். படிப்புக்காக என்றார்கள். தெருவுக்காக என்று எனக்குத் தெரியும். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். அறந்தாங்கியில் பஸ் மாறினோம். ஜன்னலில் உப்புக்காற்று எங்கே நின்றது என்று கவனித்துக்கொண்டே போனேன். செம்மண் தொடங்கியதும், கண்மாய்க் கரையெல்லாம் கருவேலமாக, கடலே இல்லாத ஊர்கள் வந்தன. அப்பா என் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல.

அரிமளத்தில் பெரியம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு உடனே கிளம்பினார். பஸ் நிற்கும் இடம்வரை நானும் வந்தேன். திரும்பிப் போகிற பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றிருந்தது. படிக்கட்டில் ஒரு காலை வைத்தவர் இறங்கி வந்து, ஊர்க்கூட்டத்துக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கண் ஓரத்தில் உப்பில் வெடித்த புண் இன்னும் ஆறாமல் இருந்தது.

"பெரியம்மா சொல்றதக் கேட்டு நட ஆத்தா. அங்கிட்டு நடந்தத இங்கிட்டு வந்து யார்கிட்டயும் பேசாத."

"நான் பேசிட்டேன்ப்பா. நீங்கதான் இன்னும் பேசல."